நெவாடா பாலைவனத்தில் 20 ஏக்கர் பச்சைக்கல் கிளெய்ம்: வாங்கலாமா?

கேள்வி இதுதான். சான் ஹோசேயில் வசிக்கும் ஒருவர், கல் வெட்டி மெருகேற்றுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர், எழுதுகிறார்: "நெவாடாவில் டோனோபா ஊருக்கு மேற்கே வேரிசைட் என்ற பச்சைக்கல்லுக்கான சுரங்க கிளெய்ம் ஒன்று விலைக்கு வருகிறது. 20 ஏக்கர், 14,000 டாலர், மாதத் தவணையும் உண்டு. படத்தில் கல் அருமையான பச்சை. நிலமும் உங்களுக்கே, கல்லும் உங்களுக்கே என்கிறார் விற்பவர். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

விற்பவர் சொன்னதில் முதல் பாதி பொய். நிலம் உங்களுக்கு வராது. இரண்டாவது பாதி உண்மையா என்பதைத் தோண்டிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, அவராலும்தான். இவ்வளவு தெரிந்தும் வாங்க ஆசை இருந்தால் மேலே படியுங்கள். ஆசை இருப்பதில் தப்பில்லை. எனக்கும் இருந்தது, இரண்டு முறை பணமும் போயிருக்கிறது.

நெவாடாவின் பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் பெரும்பங்கு நில மேலாண்மை அலுவலகத்தின் கையில் இருக்கிறது. அங்கே எல்லாரும் பி.எல்.எம் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நம் ஊர்க் கணக்கில் இது புறம்போக்கு. 1872-ல் யுலிசிஸ் கிராண்ட் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தபோது வந்த சுரங்கச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அந்தப் புறம்போக்கில் மதிப்புள்ள கனிமத்தைக் கண்டுபிடித்து, எல்லைக்குக் கம்பம் நட்டு, பதிவும் செய்தவருக்கு அதைத் தோண்டி எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். இந்த உரிமைதான் கிளெய்ம். பாறைக்குள் நரம்பாக ஓடும் கனிமத்துக்கு எடுப்பது லோட் கிளெய்ம். அதன் உச்ச அளவு 1,500 அடிக்கு 600 அடி. பெருக்கினால் 20 ஏக்கரும் கொஞ்சமும் வரும். எல்லா விளம்பரத்திலும் 20 ஏக்கர் என்றே இருப்பதற்குக் காரணம் இதுதான். யாரோ நிலம் அளந்து பிரித்து விற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கனிமம் எடுக்கும் உரிமை உங்களுக்கு, மேற்பரப்பு அரசுக்கு. 1955-ல் வந்த ஒரு திருத்தச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. உங்கள் கிளெய்முக்குள் பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடு மேயும். மான் வேட்டைக்கு வருபவர் கூடாரம் போடுவார். கேட் போட்டு அவர்களைத் தடுக்க முடியாது. வீடு கட்டலாம், வார இறுதிக்கு ஒரு குடில் போடலாம் என்பதெல்லாம் நடக்காது. 90 நாளில் 14 நாளுக்கு மேல் அங்கே தங்குவதற்கே அனுமதி கேட்க வேண்டும். உங்கள் கல்லை அவர்கள் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் உங்கள் பிடி.

நிலத்தோடு சேர்ந்து வரும் கிளெய்மும் உண்டு. அதை பேட்டன்ட் ஆன கிளெய்ம் என்பார்கள். பழைய காலத்தில் அரசு நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டது. அதற்குச் சொத்து வரி இருக்கும், ஒழுங்கான கிரயப் பத்திரம் இருக்கும். 1994 அக்டோபரிலிருந்து புதிய பேட்டன்ட் விண்ணப்பங்களை அரசு வாங்குவதில்லை. அதனால் இருப்பதெல்லாம் பழையவை, விலையும் வேறு. உங்களுக்கு வந்திருப்பது அது இல்லை என்று விலையிலேயே தெரிகிறது. சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் கடைசியாகச் சொத்து வரி கட்டிய ரசீதைக் கேளுங்கள். பதிலுக்கு ஒரு கதை வரும்.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். பேட்டன்ட் ஆகாத கிளெய்ம் பெரும்பாலும் குவிட்கிளெய்ம் பத்திரத்தில்தான் கைமாறும். நம் ஊர் விடுதலைப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: "இதில் எனக்கு ஏதாவது பாத்தியதை இருந்தால் அதை உனக்கு விட்டுக்கொடுக்கிறேன்." அந்த "இருந்தால்" என்ற சொல்லுக்குத்தான் நீங்கள் 14,000 டாலர் கொடுக்கிறீர்கள். பாத்தியதையே இல்லை என்று பின்னால் தெரிந்தாலும் பத்திரம் பொய் சொன்னதாக ஆகாது. மோசடி என்று வழக்குப் போடலாம். ஆனால் வழக்கறிஞர் செலவு கிளெய்ம் விலையைத் தாண்டிவிடும் என்பது விற்பவருக்கும் தெரியும். தவணை முறையில் விற்பவர்கள் கடைசித் தவணை முடிந்த பிறகுதான் பெயர் மாற்றுவார்கள். நடுவில் அவர் ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்தால் உங்கள் கிளெய்மும் போச்சு, கொடுத்த பணமும் போச்சு.

ஆகவே முதல் வேலை வில்லங்கம் பார்ப்பது. நல்ல வேளையாக இதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், காசும் இல்லை. ஒவ்வொரு கிளெய்முக்கும் பி.எல்.எம் ஒரு தொடர் எண் கொடுத்திருக்கும். அதை வாங்கிக்கொண்டு எம்.எல்.ஆர்.எஸ் என்ற அவர்களுடைய இணையப் பதிவேட்டில் தேடினால் எப்போது பதிவானது, யார் பெயரில் இருக்கிறது, இப்போது உயிரோடு இருக்கிறதா, எந்த ஆண்டுக் கட்டணம் வரை கட்டியிருக்கிறது என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பழைய நாற்பது வருடச் சுரங்கம் என்று விளம்பரம் சொல்லும், பதிவான தேதி போன வருடமாக இருக்கும். அப்படியென்றால் பழைய உரிமை எப்போதோ காலாவதியாகி, இவர் அண்மையில் போய்ப் புதிதாகக் கம்பம் நட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் அவர் பி.எல்.எம்முக்குக் கட்டியது என்ன தெரியுமா? 2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 200 டாலர், இடம் பதிக்கும் கட்டணம் 49 டாலர், மேலே சின்னதாக ஒரு செயலாக்கக் கட்டணம். எல்லாம் சேர்ந்தே 300 டாலருக்குள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கட்டணமும் பெட்ரோலும் தனி. அதைத்தான் 14,000-க்கு விற்கிறார்.

பி.எல்.எம் பதிவேடு மட்டும் போதாது. கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் இட அறிவிப்பின் நகல், வரைபடம், இடையில் நடந்த கைமாற்றங்கள் எல்லாம் இருக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும், உதாரணமாக அப்பா பெயரில் இருந்ததை மகன் விற்கிறார், நடுவில் வாரிசுப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை என்றால், நீங்கள் வாங்குவது காற்று. எஸ்மரால்டா கவுண்டி, மினரல் கவுண்டி அலுவலகங்கள் சின்னவை. தொலைபேசியில் பொறுமையாகப் பேசினால் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். (எஸ்மரால்டா என்றால் ஸ்பானிய மொழியில் மரகதம். ஆனால் அந்தக் கவுண்டி பேர் வாங்கியது வெள்ளியாலும் தங்கத்தாலும், இப்போது லித்தியத்தாலும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.)

இன்னொரு நுணுக்கம். லோட் தவிர பிளேசர் கிளெய்ம் என்றும் ஒன்று உண்டு. ஆற்று மணலில், உதிரி மண்ணில் கிடக்கும் கனிமத்துக்கானது. வேரிசைட்டும் டர்க்காய்ஸும் (நம்மில் சிலர் ஃபிரோசா என்று சொல்லும் கல்) பாறைப் பிளவுகளில் நரம்பாகவும் உருண்டையாகவும் இருப்பவை. அதற்கு பிளேசர் கிளெய்மை வைத்துக்கொண்டு விற்றால், அந்த நரம்பின் மேல் வேறொருவர் லோட் கிளெய்ம் போட்டு உங்களை வெளியேற்ற வாய்ப்பு இருக்கிறது.

பேப்பர் சரியாக இருந்தால் அடுத்தது கம்பம். இங்கேதான் எனக்கு முதல் அடி விழுந்தது. 2000-களின் கடைசியில் பச்சை டர்க்காய்ஸ் ஆசையில் ஒரு கிளெய்ம் வாங்கினேன். விற்றவர் நேரில் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார். குழிச் சுவரில் பச்சை நரம்பு கண்ணெதிரே இருந்தது. நானே தட்டி எடுத்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு கோடைக் காலம் முழுக்க வார இறுதிகளில் அங்கேயே கிடந்தேன். அப்புறம் ஒரு நாள் ஜி.பி.எஸ்ஸை வைத்து வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குழி என் எல்லைக்கு வெளியே சுமார் இருநூறு அடி தள்ளி இருந்தது. அது வேறொருவரின் பழைய கிளெய்ம். அவர் ஒரு வயதான மனிதர், நல்லவர். திட்டவில்லை. "நீ தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டுப் போ தம்பி" என்கிற தோரணையில் ஆங்கிலத்தில் சொன்னார். என் கிளெய்முக்குள் இருந்தது வெறும் சுண்ணாம்புக் கல்.

அதனால் நான்கு மூலைக் கம்பங்களையும் நீங்களே நடந்து தொடுங்கள். ஒவ்வொன்றின் ஆயத்தொலையையும் குறித்துக்கொண்டு பதிவான வரைபடத்தின் மேல் போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் கிளெய்ம்களையும் அதே வரைபடத்தில் போடுங்கள். எல்லை மோதினால் பொதுவாக முன்னால் சரியாகப் பதித்து, விடாமல் காப்பாற்றி வந்தவருக்கே வலு. "புகழ்பெற்ற இன்ன சுரங்கத்துக்கு அருகில்" என்று விளம்பரத்தில் இருந்தால், அந்தச் சுரங்கம் உங்கள் எல்லைக்குள் இல்லை என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பம் பற்றி இன்னொன்று. மேல்வாய் மூடாத பிளாஸ்டிக் குழாயை மூலைக்கல்லாக நட்டிருந்தால் அது நெவாடாவில் செல்லாது. ஒரு காலத்தில் எல்லாரும் மலிவென்று வெள்ளை பி.வி.சி குழாயைத்தான் நட்டார்கள். பொந்து என்று நினைத்துச் சின்னப் பறவைகள் உள்ளே இறங்கி, வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் ஆயிரக்கணக்கில் செத்தன. நீல நிற மலைக்குருவிகள் அதிகம். ஒரு குழாயைப் பிடுங்கிக் கவிழ்த்தால் எலும்பும் இறகும் கொட்டும், பார்த்தவர்களுக்கு மறக்காது. பிறகு சட்டம் மாறியது. இப்போது மரக் கம்பம், கற்குவியல் போன்ற வேறு அடையாளம் வேண்டும். விற்பவர் இன்னும் அந்தக் குழாய்களையே வைத்திருந்தால், அவர் கிளெய்மைப் பல வருடமாகக் கவனிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, கல்லுக்கு வருவோம். பச்சைக்கல் என்றால் நமக்கு மரகதம்தான் நினைவுக்கு வரும். ஊரில் இருக்கும் மாமா, "பச்சைக்கல் சுரங்கமா!" என்று வாயைப் பிளப்பார். நவரத்தினப் பட்டியலில் வேரிசைட்டுக்கு இடமில்லை, எந்த நகைக்கடையிலும் அதை அடகு வைக்க முடியாது. அது அலுமினியத்தின் நீரேறிய பாஸ்பேட். குரோமியமும் வனேடியமும் சிறிதளவு கலந்து பச்சை நிறம் கொடுக்கின்றன. கடினத்தன்மை மோஸ் அளவில் 4 பக்கம், அதாவது பேனாக்கத்தி கீறிவிடும். மோதிரத்துக்கு ஆகாது, பதக்கம், காதணி செய்யலாம். டர்க்காய்ஸ் செம்பும் அலுமினியமும் சேர்ந்த பாஸ்பேட். கடினத்தன்மை 5 முதல் 6. அதில் இரும்பு ஏறினால் நீலம் பச்சையாகத் திரும்பும். செம்பின் இடத்தில் துத்தநாகம் வந்துவிட்டால் ஃபாஸ்டைட் என்ற வேறு கனிமம். நெவாடாவின் யுரேகா கவுண்டியில்தான் அதை முதலில் அடையாளம் கண்டார்கள். லேண்டர் கவுண்டியின் கேரிகோ லேக், டமேலி கற்களில் வரும் அந்த எலுமிச்சம்பச்சைக்கும் துத்தநாகம்தான் காரணம்.

ஏன் இவ்வளவு வேதியியல் என்றால், விலை இதில்தான் இருக்கிறது. பெயர் பெற்ற சுரங்கத்தின் பச்சை டர்க்காய்ஸுக்கு வெள்ளி நகை செய்யும் நவாஹோ, சூனி பழங்குடிக் கைவினைஞர்களிடமும் சேகரிப்பவர்களிடமும் நிரந்தரமான சந்தை உண்டு. வேரிசைட்டுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், ஆனால் கூட்டம் சின்னது. வேரிசைட்டைப் பச்சை டர்க்காய்ஸ் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, அறியாமலும் அறிந்தும். உங்களிடம் வேரிசைட் என்றே சொல்லியிருக்கிறார், அந்த மட்டில் நேர்மை.

படத்தை நம்ப வேண்டாம். எல்லாரும் கல்லை நனைத்துத்தான் படம் எடுப்பார்கள். நனைந்தால் சுண்ணாம்பு போன்ற மட்டக் கல்லும் மரகதம் போல மின்னும். காய்ந்தால் வெளிறிவிடும். விற்பவரிடம் தேர்ந்தெடுக்காத கச்சாக் கல் ஒரு கிலோ அனுப்பச் சொல்லுங்கள், அதற்குக் காசும் கொடுங்கள். உங்களுக்குத்தான் வெட்டத் தெரியுமே. ரம்பத்தில் போடும்போது பொடியாகிறதா, தாய்ப்பாறையோடு சேர்ந்து நிற்கிறதா, பிசின் ஏற்றாமல் மெருகு பிடிக்கிறதா என்று பாருங்கள். கேண்டலேரியா பக்கத்து வேரிசைட்டில் கறுப்புக் கோடுகள் வலை மாதிரி ஓடும், பார்க்க அழகு. அந்தக் கோட்டிலேயே உடையும் கல்லும் உண்டு. அதற்குப் பிறகு கிளெய்முக்குப் போய், அதே கல் அதே குழியின் சுவரில் இருக்கிறதா என்று உங்கள் கையால் தட்டி எடுத்து ஒப்பிடுங்கள். தரையில் சிதறிக்கிடக்கும் கல்லைக் கணக்கில் சேர்க்காதீர்கள். லாரியில் கொண்டுவந்து கொட்டியும் வைப்பார்கள்.

எவ்வளவு கல் இருக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். இதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இருக்காது. தங்கத்துக்குத் துளை போட்டுக் கணக்கிடுவதுபோல இதற்குக் கணக்கிட முடியாது. இந்தக் கற்கள் வறண்ட நாட்டில் மழைநீர் மேலிருந்து கீழே கசிந்து, வழியில் இருக்கும் பாஸ்பரஸையும் அலுமினியத்தையும் செம்பையும் கரைத்து, பிளவுகளில் படியவைத்ததால் உண்டானவை. மேல்மட்டத்திலேயே இருக்கும், ஆழம் போகப் போக இல்லாமல் போகும். பாறைக்குள் ஒரு கொத்து கல், பிறகு பத்தடிக்கு வெறும் பாறை, மறுபடி ஒரு கொத்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. நெவாடாக்காரர்கள் சின்னப் படிவுக்குத் தொப்பிச் சுரங்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொப்பியைக் கவிழ்த்தால் மூடிவிடலாம் என்று அர்த்தம். உலகத்தில் மிக விலை உயர்ந்த டர்க்காய்ஸ்களில் ஒன்றான லேண்டர் புளூ அப்படி ஒரு தொப்பிச் சுரங்கம்தான். 1973-ல் பேட்டில் மவுண்டன் பக்கம் கண்டுபிடித்தார்கள். மொத்தமாக வந்ததே நூறு பவுண்டு சுமார், அத்தோடு தீர்ந்தது. இப்போது அதன் பக்கத்தில் கிளெய்ம் வாங்கி என்ன செய்ய?

என் அனுபவத்தில், நல்ல வார இறுதி என்றால் ஒரு வாளி பச்சை வரும். வீட்டில் உட்கார்ந்து பிரித்தால் வெட்டத் தகுந்தது இரண்டு கைப்பிடி. மோசமான வார இறுதிகளில் முதுகுவலிதான் வரும். கேட்கும் விலையை இந்தக் கைப்பிடிகளால் வகுத்துப் பாருங்கள்.

தோண்டுவதற்கும் வரம்பு உண்டு. கடப்பாரை, சுத்தியல், உளி என்று கைக்கருவிகளோடு நின்றால் பி.எல்.எம்மிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சின்ன எக்ஸ்கவேட்டர் இறக்கினாலே, கனிமம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க மட்டும், அதுவும் 5 ஏக்கருக்குள் என்றால் முன்னறிவிப்பு கொடுத்து, பின்னால் குழியை மூடி நிலத்தைச் சீராக்குவதற்கான செலவைப் பிணைத்தொகையாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் என்றாலும், தேடுவதைத் தாண்டிச் சுரங்கமாகவே தோண்டினாலும் முழுத் திட்டம், சுற்றுச்சூழல் ஆய்வு. பேசத் தொடங்கும்போதே விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: ஏற்கெனவே முன்னறிவிப்பு நடப்பில் இருக்கிறதா, பிணை யார் பெயரில் இருக்கிறது, மூடாமல் விட்டிருக்கும் குழி யாருடையது? அவர் தோண்டிப் போட்ட பள்ளத்தை மூடும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழலாம். 14,000 டாலர் அப்போது வெறும் முன்பணம். விற்பனைக்காகத் தொழிலாக நடத்தினால் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் பதிய வேண்டும்; ஒற்றை ஆள் நடத்தும் சுரங்கத்தையும் அவர்கள் சுரங்கம் என்றுதான் பார்ப்பார்கள்.

குகை போல ஒரு பழைய சுரங்கப் பாதை அந்தக் கிளெய்மில் இருந்தால் உள்ளே போகாதீர்கள். படத்தில் அழகாகத் தெரியும். நெவாடாவில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளும் பாதைகளும் இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று மாநிலக் கனிமத் துறையே மதிப்பிடுகிறது. அவற்றில் சுமார் 50,000 உயிருக்கு ஆபத்தானவை. மட்கிய மரச் சாரம், பிராணவாயு இல்லாத காற்று, மூலையில் சுருண்டிருக்கும் கிலுகிலுப்பைப் பாம்பு. யாரோ மறந்துபோன டைனமைட் பெட்டிகூட இருக்கும்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று, உங்களுக்கு மிக முக்கியமானது. கிளெய்ம் வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்ட சட்டப்பூர்வக் குடியேறிகள், மாநிலச் சட்டப்படி அமைந்த நிறுவனங்கள். எச்-1பி விசாவில் இருந்தால் உங்கள் பெயரில் முடியாது. பச்சை அட்டை மட்டும் போதாது, விண்ணப்பமும் போட்டிருக்க வேண்டும். எல்.எல்.சி என்ற சிறு நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்று உடனே தோன்றும், செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விசா நிபந்தனைகள் வேறு விஷயம். அதற்குச் சுரங்க வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அவருக்கு என்ன, குவிட்கிளெய்ம் பத்திரம் யாருக்கும் எழுதலாம்.

வாங்கிவிட்டால் ஆண்டுக் கடமை. கிளெய்ம் ஆண்டு செப்டம்பர் 1 நண்பகலில் பிறக்கிறது. அந்தத் தேதிக்குள் 200 டாலர் பி.எல்.எம்முக்குப் போயாக வேண்டும். 10 கிளெய்முக்கு மேல் இல்லாத சிறு சுரங்கக்காரர் என்றால் விலக்கு கேட்கலாம். அப்போது ஆண்டுக்கு 100 டாலர் மதிப்புள்ள வேலையை அங்கே செய்து, செய்தேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். கவுண்டிக்குத் தனியாக ஒரு தாக்கல். பெயர் மாற்றத்தையும் கவுண்டியில் பதிந்து, பி.எல்.எம்மிடமும் கொடுக்க வேண்டும். ஆண்டுத் தேதிகளில் ஒரு நாள் தவறினாலும் யாரும் கருணை காட்ட மாட்டார்கள்.

ஒரு நாள் என்று சும்மா சொல்லவில்லை. நெவாடாவிலேயே லாக் என்ற குடும்பம் பத்துக் கிளெய்ம்களில் சரளைக்கல் எடுத்து வயிறு வளர்த்து வந்தது. அந்தக் காலச் சட்டம் டிசம்பர் 31-க்கு முன்பு ஆண்டுத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. இவர்கள் டிசம்பர் 31 அன்று கொடுத்தார்கள். 31 வரை கொடுக்கலாம் என்று அரசு அலுவலகத்திலேயே சொன்னதாக வாதாடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-ல் தீர்ப்பு வந்தது: முன்பு என்றால் முன்புதான். ஒரு நாள் பிந்தினாலும் கிளெய்ம் போகும் என்ற சட்டம் செல்லும் என்றார்கள். கல்லும் குழியும் அங்கேயேதான் இருந்தன, காகிதம்தான் ஒரு நாள் பிந்தியது.

கட்டணம் ஒழுங்காகக் கட்டினாலும் கிளெய்ம் முழுதாகப் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். உள்ளே மதிப்புள்ள கனிமம் உண்மையில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால்தான் அது அரசுக்கு எதிராக நிற்கும். சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் உழைப்பையும் பணத்தையும் போடத் துணிவாரா, எடுத்ததை லாபத்துக்கு விற்க முடியுமா என்பதே அளவுகோல். வேரிசைட் போன்ற அலங்காரக் கல்லில் இந்தக் கேள்வி எழுந்தால் பதில் சொல்வது எளிதல்ல. பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சாலையோ சூரிய மின் நிலையமோ அந்தப் பக்கம் வந்தால் கேட்பார்கள்.

பாலைவனத்துப் பச்சை என்றதும் அரிசோனாவின் பெரிடாட் கல்லையும் சிலர் கேட்பார்கள். சான் கார்லோஸ் அப்பாச்சி நிலத்தில் கிடைப்பது அது. அது பழங்குடியினரின் நிலம், தோண்டும் உரிமையும் அவர்களுக்கே. அங்கே கிளெய்ம் விற்பதாக யாராவது சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? முதலில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு நாள் தோண்ட விடும் சுரங்கங்களில் இரண்டு முறை தோண்டிப் பார்ப்பேன். டோனோபா பக்கத்து ராய்ஸ்டனில் டர்க்காய்ஸுக்கு அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. பாறை எப்படி உடைகிறது, எது பச்சை, எது பாசி என்று கண் பழகிவிடும். பிறகு எம்.எல்.ஆர்.எஸ்ஸில் கட்டணம் கட்டாமல் காலாவதியான கிளெய்ம்களைத் தேடி, வரைபடத்தோடு போய்ப் பார்த்து, நல்லது ஒன்று கிடைத்தால் நானே கம்பம் நடுவேன். 14,000-க்கு வாங்குவதை 300-க்கும் என் கால்வலிக்கும் பெற முயல்வேன். கல் கண்ணெதிரே நரம்பாக ஓடுகிற, முப்பது நாற்பது வருடம் ஒரே குடும்பம் விடாமல் தோண்டி வந்த, குழியும் பாதையும் சீராக இருக்கிற கிளெய்ம் வந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. அப்போதும் தவணை வேண்டாம். மூன்றாமவர் ஒருவர் கையில் பணத்தை ஒப்படைத்து, பத்திரம் கவுண்டியில் பதிவான அன்று விற்பவருக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த விற்பவரிடம் இப்போதைக்கு இரண்டே கேளுங்கள்: தொடர் எண், தேர்ந்தெடுக்காத ஒரு கிலோ கல். இரண்டில் ஒன்றைத் தர மறுத்தாலும் பேச்சை முடித்துவிடலாம். இரண்டும் வந்து, எண்ணும் கல்லும் சரியாக இருந்தால் மே மாதத்திலோ அக்டோபரிலோ நேரில் போய்ப் பாருங்கள்; ஜூலையில் வெயில் ஆளைக் கொல்லும், ஜனவரியில் அந்த உயரத்தில் பனி பாதையை மூடிவிடும். டோனோபாவில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு அப்பால் கைபேசி வேலை செய்யாது. மாற்று டயர் ஒன்று போதாது, இரண்டு எடுத்துப் போங்கள்.